லிட்டருக்குள் அடங்காத கிலோ

இந்தத் தூக்கை ஏன் எடுத்தோம் என்று மூன்றாம் மாடியிலிருந்து இறங்கும்போதே சுகந்தி தன்னைக் கேட்டுக்கொண்டாள், கீழே கார் நிறுத்துகிற இடத்தில் எண்ணெய் வரிசையின் வாலில் போய் நின்ற பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னத் தூக்கு, அடியில் ஒரு லிட்டர் என்று அச்சுக் குத்தியது, கழுத்து வரை ஊற்றினால் சரியாக லிட்டர் பிடிக்கும். போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் பெரிய தூக்குதான் கொண்டுவந்தாள். குடியிருப்பு முழுக்கவே பெரிய பாத்திரத்துக்கு மாறியாகிவிட்டது, முன்னால் நிற்கிறவர்களின் கையைப் பார்த்தாலே தெரியும், வாளி மாதிரி ஒன்று, ஜாடி மாதிரி ஒன்று. ஏன் மாறினோம் என்று ஒருத்தி கேட்டாளா. கேட்க மாட்டார்கள், கூடுதலாக வருகிற எண்ணெயைப் பார்த்துக் கேள்வி கேட்கிற ஜென்மம் இந்த வளாகத்திலேயே கிடையாது. கேட்கிற ஒரே ஜென்மம் என்று பேர் வாங்கியவள் அவள்தான், அவளும் கேட்கவில்லை. மின்சார மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் செங்கமலம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேனைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் வருவாள், மறுநாள் சனிக்கிழமை எண்ணெய் வாங்கக் கூடாது என்று பாதி வீடுகளில் வைத்திருப்பதால். துறையூர்ப் பக்கம் சொந்தச் செக்கு, புருஷன் ஆட்டுகிறான், இவள் பஸ்ஸில் கொண்டுவந்து விற்கிறாள். கடலை எண்ணெய் வாசனை பெட்ரோல் வாசனையோடு சேர்ந்து வந்தது, நிற்கப் பிடிக்காததற்கு அந்த வாசனையின்மேல் பழியைப் போட்டாள். பழி போடுவதற்கு ஆள் தேடுவது அந்த உடம்புக்கே பழகிவிட்டது போலிருக்கிறது. திரும்பிப் போய்ப் பெரிய தூக்கை எடுத்துவரலாம். இன்னும் நேரம் இருக்கிறது. கால் நகரவில்லை.

ஆரம்பம் என்னவோ ஒரு கேலிதான். அன்றைக்கு இதே வரிசையில் அவள் எண்ணெயின் நிறத்தைக் கேட்டாள், எப்போது ஆட்டியது என்று கேட்டாள், கசடு இறங்கியதா என்று கேட்டாள், கேட்டதில் என்ன தப்பு, செங்கமலம் லிட்டர் படியைத் துடைத்துக்கொண்டே, ‘அம்மா செக்கையே விலை பேசற மாதிரி கேக்குறாங்க, வாங்கறது ஒரு லிட்டரு’ என்றாள். வரிசை சிரித்தது. பின்னால் நின்ற நூர்ஜஹான், நாலாம் மாடி, அவளும் சிரித்தாள், அவள் சிரிப்பு எப்போதும் மூக்கு வழியாகத்தான் வரும். சுகந்தியும் சிரித்து வைத்தாள். மாடி ஏறும்போது சிரிப்பு கழன்று விழுந்துவிட்டது. சமையல் மேடைமேல் அந்தத் தராசு இருந்தது, கேக் செய்வதற்கென்று வரவழைத்த சின்ன எலெக்ட்ரானிக் தராசு, வெண்ணெயை இத்தனை கிராம் என்று போடுகிற கௌரவத்துக்காகவே வாங்கியது. காலித் தூக்கை அதில் வைத்து, பூஜ்யமாக்கி, வாங்கி வந்த எண்ணெயை ஊற்றிப் பார்த்தாள். தொள்ளாயிரத்துப் பத்து கிராம். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, ஆயிரம் கிராம், இது பால் வாங்குகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். தொண்ணூறு கிராம் எங்கே. அந்த நிமிஷம் உடம்பில் ஓடிய சந்தோஷம் இருக்கிறதே, இப்போது வரிசையில் நிற்கும்போது நினைவுக்கு வந்து காதுமடலைச் சுடுகிறது, கோபம்கூட இல்லை அது, சுத்தமான சந்தோஷம், பிடித்துவிட்டேன் உன்னை என்று. போட்டோ எடுத்துக் குடியிருப்பு வாட்ஸப் குரூப்பில் போட்டாள், இங்கிலீஷில், அதுவும் கான்வென்ட் இங்கிலீஷில், கமா எல்லாம் வைத்து. லிட்டருக்குத் தொண்ணூறு கிராம் திருட்டு, ஷேம்ஃபுல், என்று முடித்திருந்தாள். கைதட்டுகிற பொம்மைகளாக வந்து குவிந்தன. இரண்டாம் மாடிப் பேராசிரியர்கூடக் கட்டைவிரலைத் தூக்கினார், பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறவர், அவருக்கும் தெரியவில்லை, யாருக்குமே தெரியவில்லை. இதில் ஆறுதல் பட்டுக்கொள்ளலாமா என்று நேற்றிலிருந்து பார்க்கிறாள், ஊரே முட்டாளாக இருந்தால் நம் முட்டாள்தனத்தின் எடை குறையுமா. குறையவில்லை. போட்டோ போட்டது ஊர் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தராசையே கீழே கொண்டுவந்தாள், சீர்வரிசைத் தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு. எல்லோர் முன்னாலும் நிறுத்துக் காட்டினாள். செங்கமலம் தராசில் தெரிந்த எண்ணைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த லிட்டர் படியைப் பார்த்தாள், அதைத் திருப்பி அடியைப் பார்த்தாள். ‘நான் தலை தட்டாம, விளிம்பு வரைக்கும்தானம்மா ஊத்துனேன்.’ ‘அப்போ மீதி எங்க, ஆவியாப் போச்சா?’ ‘படியில சர்க்கார் முத்திரை இருக்கும்மா.’ ‘முத்திரை குத்தின பிறகு அடியைத் தட்டி மேலே ஏத்தறது பெரிய வித்தையா, எங்களுக்குத் தெரியாதா?’ யாருக்குத் தெரியும், எந்தப் படியை யார் எங்கே தட்டினார்கள், வாயில் வந்தது, வந்ததும் அதுவே சாட்சி மாதிரி நின்றுவிட்டது. செங்கமலம் அன்றைக்கு விற்காமலே கேனைக் கட்டிக்கொண்டு போனாள். அதற்கடுத்த வாரம் புதுத் தராசோடு வந்தாள். படியைக் காணோம். பாத்திரத்தை வைத்து, பூஜ்யமாக்கி, முழுசாக ஆயிரம் காட்டுகிற வரைக்கும் ஊற்றினாள், அதே லிட்டர் விலைக்கு. ‘பாத்துக்குங்கம்மா, கிலோ சரியா இருக்கா’ என்று சுகந்தியைப் பார்த்து நீதிபதியிடம் கேட்பதுபோல் கேட்டாள். சரியாக இருந்தது. ‘சுகந்தியாலதான் நமக்கெல்லாம் நியாயம் கிடைச்சது’ என்று நூர்ஜஹான் சொன்னபோது, ‘நாம படிச்சவங்க கேக்கலைன்னா யார் கேப்பா’ என்று இவள் வாய் சொன்னது. இதே வாய்தான். நாக்கை உள்ளே சுழற்றி ஒரு பல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

வரிசை ஒரு அடி நகர்ந்தது. நேற்று சாயங்காலம் மிருதுளா சாப்பாட்டு மேசையில் கெமிஸ்ட்ரி புத்தகத்தை விரித்துவைத்துப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதினொன்றாம் வகுப்பு, முதல் பாடம், அளவும் அலகும். ‘அம்மா, ஒரு எண்ணெய், ஐந்நூறு மில்லி, எடை நானூத்தி ஐம்பத்தஞ்சு கிராம், டென்சிட்டி கேக்கறான்.’ சுகந்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள், ‘மாஸ் பெர் யூனிட் வால்யூம்.’ ஜெபமாலைக்குப் பதில் சொல்கிற மாதிரி வந்தது, யோசிக்காமல், ராகத்தோடு, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு எழுத்து உதிராமல். அந்த ஒரு கணம் பெருமைகூடப் பட்டாள். ‘அது தெரியும்மா. வகுத்தா பாயின்ட் நைன் ஒன் வருது. லிட்டருக்கு மாத்தினா தொள்ளாயிரத்துப் பத்து கிராம்.’ பென்சில் நின்றது. ‘அம்மா.’ ‘என்ன?’ ‘நீ குரூப்ல ஒரு போட்டோ போட்டியே.’ கத்தி நின்றது. அதற்கப்புறம் அந்தப் பெண் கிண்டல் செய்திருக்கலாம், சிரித்திருக்கலாம், இவள் வயிற்றில் பிறந்ததற்குக் கொஞ்சமாவது நாக்கு இருந்திருக்கலாம், ஒன்றும் இல்லை, தாழ்ந்த குரலில், ‘அதை இப்ப டெலிட் பண்ண முடியாதில்லம்மா’ என்றாள். பரிதாபம். பெற்ற பெண்ணிடமிருந்து பரிதாபம். சுகந்தி உடனே சொன்னாள், ‘அது வேற எண்ணெய். புத்தகத்துல இருக்கறது வேற. நீ படி, பேசாதே.’ தப்புக் கணக்கைவிட இந்த வேற எண்ணெய்தான் ராத்திரி பூராவும் தொண்டையில் நின்றது. தெரியாமல் சொன்னதற்குத் தெரியாது என்கிற ஒரு போர்வையாவது உண்டு, இதற்கு என்ன உண்டு. மிருதுளா தலையைக் குனிந்து அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள், நம்பினாள் என்று இல்லை, அம்மாவுக்கு வழி விட்டாள்.

குழம்பு. அதுதான் நேற்றிலிருந்து கண்ணுக்குள் கொதித்துக்கொண்டிருக்கிறது, வத்தக்குழம்பு, இறக்கும்போது மேலே எண்ணெய் பிரிந்து நிற்கிறதே, அது நின்றால்தானே குழம்பு ஆனதாக அர்த்தம், கல்யாணமான நாளிலிருந்து அதைப் பார்த்து அடுப்பை அணைக்கிறாள். எண்ணெய் மேலே நிற்கிறது, தண்ணீர் கீழே இருக்கிறது. ஏன் நிற்கிறது. லேசாக இருப்பதால் நிற்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர்தான் ஒரு கிலோ, எண்ணெய் அதே இடத்தை அடைத்துக்கொண்டு எடையில் குறைவாக இருக்கிறது, படித்துத் தெரிய வேண்டியதில்லை, கரண்டி தெரிந்துவைத்திருக்கிறது. லிட்டர் என்பது இடம், கிலோ என்பது கனம், இரண்டையும் ஒரே பொருளென்று யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவளுக்கு. யாரும் சொல்லவில்லை. சிஸ்டர் பெனடிக்டா மூன்று தடவை சொல்லவைத்தார்கள், மாஸ் பெர் யூனிட் வால்யூம், இன்னும் சத்தமாக, கடைசி பெஞ்ச், மாஸ் பெர் யூனிட் வால்யூம். லேபில் மண்ணெண்ணெயின் அடர்த்தி கண்டுபிடிக்கச் சொன்னபோது எல்லோரும் என்ன செய்தார்கள், சீனியர் அக்காவின் ரெக்கார்டில் விடை இருந்தது, முதலில் விடையை எழுதிக்கொண்டார்கள், பிறகு அதற்கு ஏற்றமாதிரி எடையையும் அளவையும் பின்னோக்கி இட்டு நிரப்பினார்கள். சிலிண்டரில் மண்ணெண்ணெயின் வளைந்த மேற்பரப்பை யார் குனிந்து பார்த்தது. சிஸ்டர் சிவப்பு மையில் ‘குட்’ போட்டார்கள். சுகந்திக்கு அப்போதிலிருந்தே அதுதான் முறை, முதலில் விடை, அளவெல்லாம் அப்புறம். செங்கமலம் திருடி என்பது வரிசை சிரித்தபோதே எழுதியாகிவிட்டது, தராசு சும்மா ரெக்கார்டுக்கு. மாமனார் பாகப்பிரிவினையில் பொய் சொன்னார் என்றாளே, அது. நாத்தனார் வேண்டுமென்றே வளைகாப்புக்கு வரவில்லை என்றாளே, அது. வேண்டாம், அந்தப் பக்கம் போகக் கூடாது, இப்போது எண்ணெய் மட்டும் போதும்.

‘என்ன சுகந்தி, இன்னிக்குக் குட்டித் தூக்கு? வீட்ல டயட்டா?’ பின்னால் நூர்ஜஹான் வந்து நின்றிருந்தாள், கையில் பழைய ஜூஸ் பாட்டில், பெரியது. ‘பெருசு தேய்க்கப் போட்டிருக்கு’ என்று சுகந்தி சொன்னாள். இதோ இன்னொன்று. பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது, வேலைக்காரிகூட இத்தனை சொன்னபடி கேட்பதில்லை. உண்மையைச் சொல்லத்தானே சின்னத் தூக்கோடு வந்தது, அதாவது தான் வாயைத் திறக்காமல் தூக்கு சொல்லிக்கொள்ளட்டும் என்று, நிரம்பி வழிந்தால் எல்லோரும் பார்ப்பார்கள், யாராவது ஒருத்தர் ஏன் என்பார்கள், அப்போது இவளும் சேர்ந்து, அட ஆமாம், என்று வியந்துகொள்ளலாம். அடிப்பாவி. திட்டம் இப்போதுதான் அவளுக்கே முழுசாகத் தெரிந்தது.

முன்னால் முதல் மாடி ஆச்சியின் ஜாடியில் எண்ணெய் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆச்சி கேட்டாள், ‘என்ன செங்கமலம், கண்ணெல்லாம் உள்ளே போயிருக்கு?’ ‘ஒண்ணுமில்ல ஆச்சி, தூக்கமில்ல.’ ‘வீட்டுக்காரர் சுகந்தானே?’ கேன் நிமிர்ந்தது. செங்கமலம் தராசு எண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினாள், ‘அவரு வீட்டுக்கே வாறதில்ல. செக்குலயே படுத்துக்கிறாரு, சோறும் ஓட்டல்ல. போன் பண்ணா எடுக்கறதில்ல. நான் ஒரு வார்த்தை கேட்டுட்டேன் ஆச்சி. படியை நீதானே தட்டுன, ஊர்க்காரங்க முன்னாடி என்னைத் திருடியாக்கிட்டியேன்னு. புள்ளைங்க முன்னாடி கேட்டுட்டேன். அந்த மனுசன் ஒண்ணுமே பேசல. படியை எடுத்துக்கிட்டுப் போனவருதான்.’ ‘தட்டியிருப்பான், ஆம்பளைங்க சொல்லாமச் செய்வாங்க’ என்றாள் ஆச்சி. ‘அதான் நானும் நெனச்சேன்’ என்றாள் செங்கமலம், எண் ஆயிரத்தைத் தொடாததால் கேனை மறுபடி சாய்த்து இன்னும் இரண்டு சொட்டு விட்டு.

சுகந்திக்கு மீட்டர் பெட்டிகளின் ரீங்காரம் கேட்டது, எப்போதும் உண்டு, இன்றைக்குத்தான் கேட்கிறது. இந்த நிமிஷம் வரைக்கும் போனது எண்ணெய் மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். வாரா வாரம் ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடப் போன எண்ணெய், அதற்கு ஒரு கணக்கு உண்டு, ஒரு கவரில் போட்டு யார் கண்ணிலும் படாமல் கொடுத்துவிடலாம், தீபாவளி இனாம் என்று சொல்லலாம், அப்படிக்கூட யோசித்து வைத்திருந்தாள். ஒருத்தன் வீட்டுக்குப் போகாமல் செக்கில் படுத்துக்கொண்டிருப்பதை எந்தக் கவரில் போடுவது. முத்திரை குத்தின பிறகு அடியைத் தட்டி. அவள் வாயிலிருந்து வந்தது அது, அப்படியே, ஒரு வார்த்தை மாறாமல் பஸ் ஏறித் துறையூர் வரை போய் ஒரு மனுஷன் தலையில் இறங்கியிருக்கிறது. அவன் எப்படி இருப்பான் என்றுகூட அவளுக்குத் தெரியாது. போகலாம். இப்போதே மேலே போய்விடலாம், அடுப்பில் பால் வைத்தேன் என்று சொன்னால் போதும், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், பால் என்றால் பெண்களை விட்டுவிடுவார்கள். மேலே போனால் சாயங்காலம் மிருதுளா வருவாள். எதுவும் கேட்க மாட்டாள். பையை வைத்துவிட்டுச் சமையல் மேடையில் இருக்கிற தூக்கைப் பார்ப்பாள், அவ்வளவுதான், தலையைக் குனிந்துகொண்டு மறுபடியும் வழி விடுவாள், ஆயுசு முழுக்க வழி விடுவாள்.

‘குடுங்கம்மா.’ தூக்கு கை மாறிவிட்டது. செங்கமலம் அதைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, கேனைச் சாய்த்தாள். பொன் நிறத்தில் வளைந்து இறங்கியது. ஐந்நூறு. அறுநூறு. எண்ணெயின் மட்டம் சுவரோரம் ஒட்டி லேசாகக் குழிந்து ஏறுவதை சுகந்தி குனிந்து பார்த்தாள், சிஸ்டர் பார்க்கச் சொன்ன வளைவு, இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள். எண்ணூறு. கழுத்தைத் தொட்டது. தொள்ளாயிரத்துப் பத்து. செங்கமலத்தின் கை நிதானமானது, நூல் சொட்டாக மாறியது, தொள்ளாயிரத்து இருபத்தைந்து, எண்ணெய் விளிம்பில் வந்து மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றது.

‘நெறஞ்சிருச்சேம்மா.’ தராசைப் பார்த்தாள், தூக்கைப் பார்த்தாள். ‘இன்னும் கிலோ வரலியே. இது லிட்டர் தூக்குதானே?’ தராசின் பக்கவாட்டில் விரலால் தட்டினாள். எண் அசையவில்லை. ‘புதுத் தராசும்மா. இதுவும் பொய் சொல்லுதா?’ அதே முகம், அன்றைக்குப் படியைத் திருப்பிப் பார்த்த அதே முகம், தன் கையிலிருக்கிற ஒவ்வொரு சாமானும் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று நம்பிவிட்ட முகம். தூக்கு சொல்லிக்கொள்ளும் என்று நினைத்தாளே, இதோ சொல்லிவிட்டது, சொன்னது யார் காதில் எப்படி விழுந்திருக்கிறது பார். நூர்ஜஹான் பாட்டிலை நீட்டினாள், ‘இதுல கொஞ்சம் பிடிச்சுக்கோ சுகந்தி, அப்புறம் பிரிச்சுக்கலாம். பாவம் அவளை ஏன் நிக்கவெச்சுக்கிட்டு.’ பாட்டில் பக்கத்தில்தான் இருந்தது. சுகந்தியின் கை எழும்பவும் எழும்பியது.

‘தராசு சரி’ என்றாள். குரல் உள்ளேயே விழுந்துவிட்டது. ‘என்னம்மா?’ ‘தராசு சரியா இருக்கு. இது வந்து, டென்சிட்டின்னு ஒண்ணு.’ மாஸ் பெர் யூனிட் வால்யூம் தொண்டை வரை வந்தது, ராகத்தோடு, அதைக் கடித்து முழுங்கினாள். ‘குழம்புல எண்ணெய் எங்க நிக்கும் செங்கமலம்?’ செங்கமலம் இது என்ன புதுக் குற்றச்சாட்டு என்பதுபோல் பார்த்தாள். ‘மேலதாம்மா நிக்கும்.’ ‘ஏன் மேல நிக்குது?’ ‘எண்ணெ லேசு. தண்ணி கனம்.’ ‘ஒரு லிட்டர் தண்ணிதான் ஒரு கிலோ. எண்ணெய் லேசு. ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ வரவே வராது. யார் அளந்தாலும் வராது. தொள்ளாயிரத்துப் பத்துதான் வரும்.’ விளிம்பில் நின்ற எண்ணெயை விரலால் தொட்டாள். ‘அன்னிக்கு நான் நிறுத்தது உங்க படிக்கு ஊத்தின சரியான லிட்டர். நீங்க குறைச்சு ஊத்தல. படியை யாரும் தட்டல. எனக்குத்தான் தெரியல.’

பின்னால் நூர்ஜஹான், ‘அப்போ ரெண்டு வாரமா நாமதான்’ என்று தொடங்கி, கையிலிருந்த பாட்டிலைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இப்போது செங்கமலம் திட்டுவாள் என்று சுகந்தி காத்திருந்தாள், எழுந்து நின்று நாலு வார்த்தை கேட்டால் இறங்கும், நெஞ்சில் உட்கார்ந்திருப்பது, கேளேன், இந்த வளாகமே கேட்கும்படி கேள். செங்கமலம் கேனின் மூடியைத் திருகி மூடினாள். முந்தானையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘அப்போ அந்த மனுசன் படியைத் தொடல’ என்றாள், தனக்கே. பிறகு நிமிர்ந்து, ‘உங்க போனைக் கொண்டாந்திருக்கீங்களாம்மா?’

‘இருக்கு.’ ‘என் நம்பர்னா எடுக்க மாட்டாரு. உங்க போன்ல போடுங்க. நான் சொன்னா நம்பவும் மாட்டாரு, சமாதானத்துக்குச் சொல்றேம்பாரு. நீங்கதான் சொல்லணும், இப்ப என்கிட்ட சொன்னீங்களே, அதே மாதிரி. குழம்பைச் சொல்லிச் சொல்லுங்க, புரிஞ்சுக்குவாரு.’ புருஷனின் நம்பரைத் தடுமாறாமல் ஒப்பித்தாள். சுகந்தி அழுத்தினாள். அந்தப் போட்டோவை எடுத்த போன்தான், விரலிலிருந்த எண்ணெய் கண்ணாடியில் பட்டு எண்கள் வழுக்கின. ஸ்பீக்கர்ல போடுங்கம்மா என்றாள் செங்கமலம். போட்டாள். மணி அடித்தது. எடுக்கக் கூடாதே என்று ஒரு மனசு, அதையும் பார்த்துக்கொண்டு இன்னொரு மனசு, வரிசை முழுக்க ஒரே காதாக நின்றது.

எடுத்தான். பின்னணியில் மரம் மரத்தை அரைக்கிற சத்தம், நீளமாக, முனகிக்கொண்டு. ‘யாருங்க?’ என்றான். குரல் கிழவன் குரலாக இல்லை, கோபக் குரலாகவும் இல்லை, சாதாரணமாக இருந்தது, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. எந்தப் பேரைச் சொல்வது, மூன்றாம் மாடி சுகந்தி என்றால் அவனுக்கு என்ன தெரியும். ‘நான், உங்க வீட்டுக்காரம்மாவைத் திருடின்னு எல்லாருக்கும் எழுதிப் போட்டவ பேசறேன்’ என்றாள், ஒரே மூச்சில், கண்ணை மூடிக்கொண்டு, சொல்லிவிட்டேன், சொல்லியாகிவிட்டது.

‘ஒண்ணும் கேக்கலம்மா’ என்றான் அவன். ‘செக்கு ஓடுது. இருங்க, நிறுத்திட்டு வாறேன்.’ செருப்பு நடந்து போனது. ஒரு விசை விழுந்தது. முனகல் இறங்கி, இழுத்து, ஒரு சுற்று தேய்ந்து நின்றது. செருப்பு திரும்பி வந்தது.

‘இப்பச் சொல்லுங்க. நல்லாக் கேக்குது.’